நிலாவை வைத்து எல்லாப் பாடமும் நடத்தலாமா? தங்கச்சிமடத்துக் குறிப்புகள்

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி, 11 ஜூன் 2025

மகள் ஆறாம் வகுப்பு போகத் தொடங்கியிருக்கிறாள். ராக்கெட் வீடியோ என்றால் சோறு தண்ணி வேண்டாம். கணக்கு நோட்டைத் திறந்தால் தலைவலி வந்துவிடும். விண்வெளி ஒன்றைப் பிடித்துக்கொண்டே கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், தமிழ் எல்லாம் நடத்திவிடலாம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? யோசனை சொல்பவர்கள் வேண்டாம், செய்தவர்கள் மட்டும்.

12 ஜூன் 2025

செய்தேன். இரண்டு வருடம். முடியும் என்று எழுதத்தான் வந்தேன், எழுத உட்கார்ந்தால் அவ்வளவு தைரியம் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். இயற்பியல் படித்தவள், சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மகன் இப்போது ஏழாவது. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04க்குச் சந்திரயான் 3இன் தரையிறங்கு கலம் விக்ரம் நிலாவில் இறங்கியபோது ஐந்தாவது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டிவியைத் திண்ணைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். எல்லாரும் கைதட்டக் காத்திருக்க, இவன் மட்டும் திரையில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "உயரமும் குறையுது, வேகமும் குறையுது. ரெண்டும் ஒண்ணா பூஜ்யம் ஆகணும், அதானேம்மா?" என்றான்.

அந்த ஒரு கேள்வியில் நான் கவிழ்ந்தேன். இனி இவனுக்கு எல்லாப் பாடமும் நிலா வழியாகத்தான் என்று அன்று ராத்திரியே முடிவு கட்டினேன்.

முதல் கணக்கு நன்றாகவே போனது. இறங்கத் தொடங்கும்போது விக்ரமின் வேகம் நொடிக்கு 1.68 கிலோமீட்டர். பழைய பாம்பன் ரயில் பாலம் 2.06 கிலோமீட்டர். அப்படியானால் பாலத்தைக் கடக்க எத்தனை நொடி? ஒன்றே கால் நொடிகூட ஆகாது. ரயில் அதே பாலத்தில் ஊர்ந்து போவதைப் பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை. தசமப் புள்ளி வகுத்தலை அவன் அழாமல் செய்த முதல் நாள் அது.

12 ஜூன், இரவு

இன்னொன்று சொல்ல மறந்தேன். இது உங்கள் மகளுக்கு நாளைக்கே செய்யலாம், செலவு கிடையாது.

ஒரு பனங்காய், ஒரு எலுமிச்சம்பழம். பனங்காய் சுமார் 15 செ.மீ. குறுக்களவு, அதுதான் பூமி. எலுமிச்சை 4 செ.மீ., அது நிலா. அளவு விகிதம் கிட்டத்தட்டச் சரியாக வரும். இப்போது வீட்டில் உள்ளவர்களிடம் பனங்காயைத் தரையில் வைத்து, எலுமிச்சையை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். என் தம்பி ஒரு முழத்தில் வைத்தான். என் அப்பா திண்ணையின் அந்த ஓரத்தில் வைத்தார். சரியான இடம் நாலரை மீட்டர், அதாவது முப்பது பனங்காயை வரிசையாக அடுக்கிய தூரம். பாடப்புத்தகப் படங்களில் பூமியும் நிலாவும் தோளோடு தோள் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண் எல்லாருக்கும் ஏமாறும்.

சூரியனை எங்கே வைப்பது என்று கேட்டான். கணக்குப் போட்டோம். 16 மீட்டர் குறுக்களவு, அதாவது நாலைந்து மாடி உயரம். தூரம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். பனங்காயைப் பாலத்தின் இந்தத் தலையில் வைத்தால், சூரியன் மண்டபம் கரைக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குப் பிறகு பாலத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் "இங்கதான் சூரியன்" என்று ஒரு இடத்தில் கை காட்டுவான். நடத்துனர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

14 ஜூன்

இப்போது கவிழ்ந்த கதை.

நான் ஒரு அட்டவணை போட்டேன். திங்கள் நிலாவில் கணக்கு, செவ்வாய் செவ்வாயில் அறிவியல் (இந்தச் சிலேடைக்கு நானே சிரித்துக்கொண்டேன்), புதன் சமூக அறிவியல், வியாழன் தமிழ். சுவரில் ஒட்டினேன். வாய்ப்பாடுகூட "7 ராக்கெட், ஒவ்வொன்றிலும் 8 செயற்கைக்கோள்" என்று போனது. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குக் கோள்களின் பெயர்கள். ஓவியத்துக்கு சனியின் வளையம்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு பௌர்ணமி ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தோம். "அம்மா, நிலாவைப் பாத்தாலே ஹோம்வொர்க் ஞாபகம் வருது" என்றான்.

மறுநாள் அட்டவணையைக் கிழித்தேன். 7 ராக்கெட்டும் 8 செயற்கைக்கோளும் விண்வெளி கிடையாது, வாய்ப்பாட்டுக்கு வேஷம் கட்டிவிட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நிலாவுக்குப் போய்வந்து செய்தாலும் அதே ஐம்பத்தாறுதான்.

கேள்வி கேட்டவருக்கு: எல்லாப் பாடமும் நடத்த முடியுமா என்றால், முடியாது. நடத்தவும் கூடாது. ஆனால் சில இடங்களில் தானாகவே பாடம் வந்து மாட்டிக்கொள்ளும். அது எங்கே என்று நான் கண்டுபிடித்தது தற்செயலாக, அதுவும் மீன்பிடித் தடைக்காலத்தில், என் தம்பி வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது. அதை நாளை எழுதுகிறேன். இன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. அவனுக்கு ஐஸ், டீசல், சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற வேலை, வீடே சந்தைக்கடை.

15 ஜூன்

படகு போயாகிவிட்டது. 61 நாள் கழித்து வீடு அமைதி.

தம்பி விசைப்படகில் போகிறவன். போன வருடத் தடைக்காலத்தில் படகிலிருந்த ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மகன் அதை நோண்டினான். திரையில் 9 டிகிரி 17 மினிட். நோட்டில் 9.17 என்று எழுதிக்கொண்டான். தம்பி பார்த்துவிட்டு, "மருமகனே, அப்படி எழுதினா நீ வேற ஊருக்குப் போயிருவ" என்றான்.

அங்கேதான் பாடம் தொடங்கியது. ஒரு டிகிரிக்கு 60 மினிட். ஆகவே 17 மினிட் என்பது 60இல் 17, அதாவது 0.28. எழுத வேண்டியது 9.28. இந்தப் பின்னத்தைப் பள்ளியில் ரொட்டியை வெட்டி, வட்டத்தை வெட்டி நடத்தினார்கள், ஏறவில்லை. படகு தப்பான இடத்துக்குப் போகும் என்றதும் ஏறியது.

அடுத்து தம்பி சாதாரணமாக ஒன்று சொன்னான். "வடக்க தெக்க ஒரு மினிட் நகந்தா ஒரு மைல்." கடல் மைலைச் சொல்கிறான். கடலோடிகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு அது உறைத்ததே இல்லை. கடல் மைல் என்ற அளவே அதற்காக வந்ததுதான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அறுபதால் பெருக்கினால் ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். 360ஆல் பெருக்கச் சொன்னேன். 40,000 வந்தது. பையன் சமூக அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து பூமியின் சுற்றளவைப் பார்த்தான். 40,000.

"மாமா, நீ பூமியோட சுத்தளவ பாக்கெட்ல வச்சிருக்க" என்றான். தம்பிக்கு ஒரு வாரம் தலை நிற்கவில்லை.

நிலநடுக்கோடு எவ்வளவு தூரம் என்று அவனே போட்டான். 9 டிகிரி 17 மினிட் என்றால் 557 மினிட், 557 கடல் மைல். ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி 30 சொச்சம். ஒரு டாங்கி டீசல் போதுமா என்று அடுத்த கேள்வி.

ஜிபிஎஸ்ஸுக்கு எதற்கு நாலு செயற்கைக்கோள் வேண்டும் என்றும் கேட்டான். மூன்று செயற்கைக்கோளின் தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும், ஆனால் நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் அத்தனை துல்லியம் இல்லை, அந்தப் பிழையைக் கழிக்க நாலாவது. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞையில் மைக்ரோநொடி ஒன்று தப்பினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். எங்கள் கடலில் 300 மீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. திரையில் ஒரு கோடு இருக்கிறது, தண்ணீரில் அது இல்லை. "அதை யாரு மாமா போட்டது?" என்றதற்கு 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வரை போக வேண்டியதாயிற்று. சமூக அறிவியல். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

16 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் "எல்லார் வீட்டிலும் படகு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். இருக்காது. ஆனால் ஏதோ ஒன்று இருக்கும். சாயல்குடிப் பக்கம் என்றால் பனைமரம், வாலிநோக்கம் என்றால் உப்பளம். கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளில் விண்வெளி வந்து இடிக்கும் இடத்தைத் தேட வேண்டும் என்றுதான் சொல்ல வருகிறேன். நான் அட்டவணையில் செய்தது அதற்கு நேர் எதிர்.

19 ஜூன்

தமிழுக்கு என்ன செய்தேன் என்று கேட்டிருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. "விக்ரம் பூமிக்கு எழுதும் கடிதம்" எழுதச் சொன்னேன். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி நாலாவது வரியில் நின்றுவிட்டான்.

இலக்கணம் மட்டும் எதிர்பாராமல் மாட்டியது. ஏவுகணை, வினைத்தொகை. ஏவிய கணை, ஏவுகின்ற கணை, ஏவும் கணை. மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்றதும், "அப்ப கவுண்ட் டவுன் ஓடும்போதும் அது ஏவுகணைதான், கடல்ல விழுந்தப்புறமும் ஏவுகணைதான்" என்றான். பிறகு தனுஷ்கோடியில் சுடுமணலைப் பிடித்தான். ஊறுகாய் வரைக்கும் போயிற்று.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டு என்னை மடக்கினான். ஏவுகணையில் நடுவில் க் வரவில்லை, சுற்றுப்பாதையில் மட்டும் ப் ஏன் வருகிறது? நான் இயற்பியல் படித்தவள். தமிழ் ஆசிரியர்கள் யாராவது வாருங்கள்.

அப்படியே இன்னொன்று. ஓலைக்குடா கரையில் வடக்கே பார்த்து நின்று துருவ நட்சத்திரம் காட்டினேன், பழந்தமிழில் அதன் பெயர் வடமீன். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. கடலுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் அது நிற்கும். ஏனென்றால் நாம் இருப்பது 9 டிகிரியில். துருவ நட்சத்திரத்தின் உயரமும் ஊரின் அட்சரேகையும் ஒன்றே. தில்லியில் மூன்று முஷ்டி. எங்கள் கரையில் அவ்வளவு தாழ்வாக இருப்பதால் கடல்மேல் நிற்கும் மங்கலில் மறைந்துவிடும். போன வருடம் பிப்ரவரியில் இரண்டு முறை போய் ஏமாந்து, மூன்றாவது முறைதான் பார்த்தோம். மங்கலான ஒரு புள்ளி. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றான். ஆனால் முஷ்டியை மட்டும் இறக்கவில்லை.

22 ஜூன்

பரமக்குடித் தமிழாசிரியர் ஒருவர் வந்து இரண்டு குட்டு வைத்திருக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

ஒன்று, வடமீன் துருவ நட்சத்திரம் இல்லை. அது அருந்ததி. கற்புக்கு உவமையாகச் சங்கப் பாட்டில் வருவது. பழைய குறிப்பை அப்படியே விட்டிருக்கிறேன், திருத்தினால் அவர் குட்டியது யாருக்கும் புரியாது.

இரண்டு, சுற்றுப்பாதையில் 'சுற்று' பெயர்ச்சொல், வன்தொடர்க் குற்றியலுகரம், அதனால் வல்லினம் மிகும். ஏவுகணை வினைத்தொகை, அதில் மிகாது. மகனிடம் படித்துக் காட்டினேன். "அப்ப ரெண்டும் ஒரே ஜாதி இல்ல" என்றான். நல்ல பதில்தான்.

இன்னொருவர் புறநானூற்றின் "வலவன் ஏவா வானவூர்தி"யைப் போட்டு, ஆளில்லா விமானம் தமிழனுக்கு அன்றே தெரியும் என்கிறார். ஐயா, அது 27ஆம் பாட்டு. நல்வினை செய்து புகழோடு இறந்தவர்கள் ஏறிப்போகும் ஊர்தி. ஓட்டுநர் இல்லாத ஒரு வாகனத்தைக் கற்பனை செய்தது அழகு, அது போதும். பிள்ளையிடம் அதை ட்ரோன் என்று சொல்லிவைத்தால் நாளைக்குப் பாட்டும் போகும், அறிவியலும் போகும்.

3 ஜூலை

ஓதக் கணக்கு. அமாவாசைக்கு ஒரு கம்பை வடகடலில் நட்டு, அரை அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டோம். ஜூன் 25 அமாவாசை. நேற்று, இன்று அரை நிலா. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள இடைவெளி அமாவாசையைவிட நன்றாகவே குறைந்திருக்கிறது. எங்கள் பக்கம் ஓதமே ஒரு மீட்டருக்குள்தான், அதனால் வித்தியாசம் விரல் கணக்கில்தான் தெரியும். பொறுமை வேண்டும்.

அமாவாசையில் சூரியனும் நிலாவும் ஒரே வரிசையில் இழுக்கின்றன, அரை நிலாவில் குறுக்கும் நெடுக்குமாக இழுக்கின்றன என்று நான் படம் போட்டு முடிப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "அட்டமியில தண்ணி செத்துக் கெடக்கும்டா." எழுபது வயது. பள்ளிக்கூடம் மூன்றாவது வரை.

கம்பை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விறகுக்காக இருக்கும்.

5 ஜூலை

தொண்டிக்காரர் கொஞ்சம் கோபமாகக் கேட்டிருக்கிறார்: பள்ளியில் கழிப்பறைக் கதவு சரியில்லை, நிலாவுக்கு எதற்குக் கோடி கோடியாய்?

இதையும் மகனோடு கணக்காகப் போட்டோம். சந்திரயான் 3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. 140 கோடி பேர். தலைக்கு நாலு ரூபாய் நாற்பது காசு. ஒரு வடைக்குக்கூடக் காணாது. இதை வாதத்தில் வென்ற மாதிரி முன்பு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் அவன், "அப்ப நாலு ரூபா நாப்பது காசுக்கு ஒரு கதவு போட முடியாதா?" என்றான். எல்லாரும் தலைக்கு அவ்வளவு போட்டால் எத்தனை கதவு என்று அவனே பெருக்க உட்கார்ந்துவிட்டான். வகுத்தல் சரி. ஆனால் தொண்டிக்காரரின் கேள்விக்கு அது விடை இல்லை. அவர் கேட்டது முறையான கேள்வி.

கடலுக்குப் போகிறவர்களுக்கு என்ன பயன் என்பது வேறு. டிசம்பர் 1964, 22ஆம் தேதி ராத்திரி. அப்பாவுக்கு ஒன்பது வயது. தனுஷ்கோடி போன ரயில் கடலோடு போயிற்று, நூற்றுக்கு மேற்பட்ட உயிர். இன்று புயல் கடலில் உருவாகும்போதே இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் சுழி தெரிகிறது, பாம்பனில் கூண்டு ஏறுகிறது, தம்பி கைபேசியைப் பார்த்துவிட்டுப் படகை இழுத்துக் கட்டுகிறான். மீன் கூடும் இடத்தைக்கூட ஐதராபாத்திலிருந்து சொல்கிறார்கள், கடல்மேல் வெப்பத்தையும் பாசியின் பச்சையையும் செயற்கைக்கோளில் பார்த்து. அப்பா மட்டும் இன்றைக்கும் கூண்டைத்தான் நம்புவார்.

9 ஜூலை

விண்வெளி நிலையத்தைப் பார்த்துவிட்டோம்! நம் நாட்டு விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா உள்ளே இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். அந்தி மங்கும் நேரம், ஐந்து நிமிடம்கூட இல்லை, கண் சிமிட்டாமல் ஒரு வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. டியூஷன் பிள்ளைகள் பதினொரு பேரும் மாடியில் நின்று "சுக்லா அண்ணே" என்று கத்தினார்கள். 400 கிலோமீட்டர் உயரம், அண்ணனுக்குக் கேட்டிருக்காது. ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று, நாளைக்குப் பதினாறு சூரிய உதயம். "அப்ப அவருக்கு எப்ப காலைச் சாப்பாடு?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

அங்கே ஈர்ப்பு இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தேன்.

10 ஜூலை

நேற்றுச் சொன்ன கடைசி வரி தப்பு. இயற்பியல் படித்தவள் இப்படி உளறியிருக்கக் கூடாது, எங்களைச் சின்ன வயதில் பழக்கிய வாக்கியம், வாயில் தானாக வருகிறது. 400 கிலோமீட்டரில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் இருப்பதால் தரையில் வந்து விழுவதில்லை.

இன்று மாடியில் செய்து காட்டினேன். தண்ணீர் பாட்டிலின் அடியில் இரண்டு ஓட்டை. கையில் பிடித்தால் பீய்ச்சும். மாடியிலிருந்து விட்டால், விழும் நேரத்தில் பீய்ச்சுவது நின்றுவிடும். கைபேசியில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். ஆறு பாட்டில் காலி, கீழே கோழிக்கூண்டின் ஓடு ஒன்றும் காலி.

11 ஜூலை

நேற்று எடை பற்றிப் பேச்சு வந்தபோது நடந்தது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு. தம்பி: "அப்ப நிலாவுல மீன் வித்தா நஷ்டம்." மகன் கொஞ்சம் யோசித்து, "சுருள்வில் தராசுல நிறுத்தா நஷ்டம். ரெண்டு தட்டு தராசுல படிக்கல் வச்சு நிறுத்தா நஷ்டம் இல்ல, படிக்கல்லும் எளச்சிருக்கும்" என்றான்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டப்படிப்புவரை படித்தேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

3 ஆகஸ்ட்

கலாம் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று இருவர். அவர் நினைவுநாள் ஜூலை 27 முடியட்டும் என்று இருந்தேன்.

எங்கள் தீவில் கலாம் பெயர் சொல்லாமல் பள்ளி விழா கிடையாது. பேய்க்கரும்பு நினைவிடத்துக்கு மகன் ஐந்து முறை போய்விட்டான், ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று. பேச்சுப்போட்டியில் "கனவு காணுங்கள்" சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறான். அவர் இவனுக்கு ஒரு சிலையாகிவிட்டார்.

சிலை இறங்கி வந்தது தோல்வியில்தான். 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி 3இன் முதல் பயணம், திட்ட இயக்குநர் கலாம். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு கசிந்து, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. மறுவருடம் ஜூலை 18இல் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தார்கள். இதைச் சொன்னதும் தம்பி, "வால்வு லீக்கா? அதான் நம்ம எஞ்சினையும் படுத்துது" என்றான். மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எது கசிந்தது, ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை, யார் பொறுப்பேற்றது. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். நிருபர்கள் முன்னால் தோல்விக்குப் பொறுப்பேற்று நின்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், அடுத்த வருடம் வெற்றியைச் சொல்லக் கலாமை முன்னால் அனுப்பினார் என்ற இடத்தில் தம்பிதான் அதிகம் நெகிழ்ந்தான். அவன் வேலைசெய்த ஒரு படகின் முதலாளி நேர் எதிர் ரகம்.

24 ஆகஸ்ட்

நேற்று தேசிய விண்வெளி நாள். அட்டை ராக்கெட்டுக்கு வெள்ளித்தாள் ஒட்டும் போட்டியிலிருந்து தப்பித்து தனுஷ்கோடி போனோம், ஒரு வெப்பமானியோடு.

விக்ரமில் இருந்த ஒரு கருவி நிலாவின் மண்ணில் இறங்கி வெப்பம் அளந்தது. மேலே 50 டிகிரியைத் தாண்டியது. 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10. நம் மணலில் எவ்வளவு? மகன் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைத்தான் முதலில் எடுத்து வந்தான், மணலில் வைத்ததும் எண்ணே காட்டாமல் கைவிரித்தது. டியூஷனுக்கு வைத்திருந்த சிவப்புத் திரவ வெப்பமானி கைகொடுத்தது. மதியம் ஒன்றேகால். மேல்மணல் 51. ஸ்கேலால் அளந்து 8 செ.மீ. தோண்டி வைத்தோம், 37. செருப்பைக் கழற்றிய எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், காலைப் புதைத்தால் குளிரும். எண்ணாகப் பார்ப்பது வேறு.

இங்கே 14 டிகிரி வித்தியாசம், அங்கே 60. ஏன் என்று கேட்டேன். ஈரம் என்றான், சரி. காற்று என்றான், அதுவும் சரி. நிலாவில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, சூடு கீழே இறங்க வழியில்லை. ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மாதிரி என்றது அவன் உவமை. நான் பிளாஸ்க் சொல்ல நினைத்திருந்தேன், அவனுடையது மேல்.

தரையிறங்குவதைச் சோதிக்க நிலா மண்ணுக்கு எங்கே போனார்கள் என்றால், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்கு. அங்குள்ள பாறையை அரைத்தால் நிலாவின் மேட்டுநில மண்ணோடு ஒத்துப்போகும். வரைபடத்தில் சித்தம்பூண்டியைத் தேடியவன் அப்படியே குலசேகரன்பட்டினம் போனான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வரும், வளைந்து போனால் எரிபொருள் வீண். குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல். அதனால்தான் அங்கே இரண்டாவது ஏவுதளம், 2024 பிப்ரவரியில் அடிக்கல். "நம்ம ஊர்ல வச்சா?" என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தான். இலங்கை தோளிலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்கேலை எடுத்துவிட்டான்.

8 செப்டம்பர்

நேற்று ராத்திரி முழு சந்திர கிரகணம். 11 மணியிலிருந்து 12.22 வரை. மேகம் பாதி, நிலா பாதி. செம்புக் காசு போல ஒரு பத்து நிமிடம் சுத்தமாகத் தெரிந்தது. நிழலின் ஓரம் வளைவாக இருந்ததைப் பிள்ளைகள் தாங்களே சொன்னார்கள், பூமி உருண்டை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்.

எனக்கு 2010 ஜனவரி 15 நினைவு. தை அமாவாசையும் கங்கண சூரிய கிரகணமும் ஒரே நாள். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணக் கூட்டம், தனுஷ்கோடியில் வெளிநாட்டுக்காரர்களின் தொலைநோக்கிக் கூட்டம். மதியத்தில் வெயில் மங்கி, தென்னை நிழலில் மணல் முழுக்க வளையம் வளையமாக ஒளி. பத்து நிமிடம். அப்போது நான் கல்லூரி. வீட்டில் வெளியே விடமாட்டேன் என்றார்கள், பின்கதவு வழியாகப் போனேன். அதற்கு அடுத்த நாள்தான் இயற்பியலை ஒழுங்காகப் படிப்பது என்று முடிவுசெய்தேன். எனக்கு எந்த அட்டவணையும் யாரும் போடவில்லை, இப்போதுதான் அதை யோசிக்கிறேன்.

29 செப்டம்பர்

காலாண்டுத் தாள் வந்தது. விண்வெளி வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று ஒரு மதிப்பெண் கேள்வி. "விழுந்துகொண்டே இருப்பதால்" என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் "ஈர்ப்பு விசை இல்லை" என்று திருத்தம்.

பள்ளிக்குப் போய்க் கேட்கலாம் என்று கிளம்பினேன். வாசல் வரை போய்த் திரும்பினேன். ஜூலை 9 குறிப்பில் நானும் அதே வரியைத்தான் சொல்லியிருக்கிறேன், வேண்டுமானால் மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். "அடுத்த தடவை என்ன எழுதணும்?" என்று அவன் கேட்டான். அவன் அப்பா, "மார்க் வேணும்னா அவங்க சொன்னத எழுது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே, "ரெண்டையும் எழுதி வைக்கிறேன், புடிச்சத அடிச்சுக்கட்டும்" என்றான்.

கீழக்கரைக்காரர் மகள் எப்படி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார்: பனங்காய்ச் சோதனை செய்தாளாம், எலுமிச்சையைச் சரியான இடத்தில் வைத்தாளாம். முன்பே இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாள், கள்ளி.

3 நவம்பர்

நேற்று ஞாயிறு. மாலை 5.26க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம் 3 ராக்கெட். 4,410 கிலோ செயற்கைக்கோள், புவிநிலைப் பாதைக்குப் போகும் வழியிலுள்ள நீள்வட்டச் சுற்றுப்பாதைக்கு (ஜிடிஓ) இந்திய மண்ணிலிருந்து அதுவரை ஏவியதிலேயே கனமானது. ஐந்து மணிக்கே கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டேன். ஆள் இல்லை. கரையில் மாமாவோடு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருக்கிறான் என்றார் அப்பா. ஒரு மாதமாகவே அப்படித்தான். ராக்கெட் நோட்டில் கடைசி நாலு பக்கமும் பிஸ்டன் படம்.

ஆள் அனுப்பினேன். "நீ பாரும்மா, வாறேன்" என்று பதில் வந்தது. தனியாகத்தான் பார்த்தேன். நன்றாகவே ஏறியது.

ஏழு மணிக்குக் கை முழுக்கக் கிரீஸோடு வந்தான்.

"ஏறிருச்சா?"

"ஏறிருச்சு."

"எத்தன கிலோ?"

"4,410."

திரும்பி வாசலில் நின்ற என் தம்பியைப் பார்த்து, "மாமா, நம்ம எஞ்சின் எத்தன கிலோ இருக்கும்?" என்றான்.